பிளை: டயரில் போட்டிருக்கும் 10 எதைச் சொல்கிறது?

பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ ஒரு பிக்கப் வண்டி டயர்க் கடை முன்னால் வந்து நின்றால், முதலில் வரும் கேள்வி இது: "எத்தனை பிளை அண்ணாச்சி போடணும்? என்ன லோடு ஏத்துதிய?" களக்காட்டு வாழைத்தார் ஏற்றுகிறவர் ஒரு கணக்குச் சொல்வார். கோயில் கொடை விழாவுக்கு ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போகிறவர் "பத்து பிளையாவே போடுங்க" என்பார். பத்து பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். இன்றைய டயர் எதை அறுத்துப் பார்த்தாலும் அப்படிப் பத்து அடுக்கைக் காண்பது அரிது.

லத்தீனில் மடிப்பதைக் குறிக்கும் 'பிளிகாரே' என்ற வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் 'பிளை' ஆனது. மடிப்பு என்ற பொருள் போகப்போக அடுக்கு என்று விரிந்தது. பிளைவுட்டில் இருக்கும் பிளையும் இதேதான். நூலிலும் கயிற்றிலும் வரும் பிளைக்கு நம்மிடம் 'புரி' என்ற நல்ல சொல் உண்டு: முப்புரி நூல், நாலு புரிக் கயிறு. ஆனால் புரி என்றால் முறுக்கு இருக்க வேண்டும். டயரின் பிளை ரப்பர் பூசிய துணியாக விரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது. அதற்கு 'அடுக்கு' என்பதே பொருத்தம்.

அந்தக் காலத்து டயருக்கு உள்ளே இருந்தது பருத்தி இழை. பாரம் கூடினால் அடுக்கைக் கூட்டுவார்கள். ஆறு அடுக்கு என்றால் உண்மையிலேயே ஆறு அடுக்கு. எண்ணிப் பார்த்தே வலுவைச் சொல்லிவிடலாம். பிறகு ரேயான், நைலான், பாலியஸ்டர் என்று வலுவான இழைகள் வந்தன. பருத்தி நாலு அடுக்கு தாங்கியதை இவற்றில் இரண்டே தாங்கின. 1946இல் மிஷ்லின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியபோது அமைப்பே மாறியது. பழைய வகையில் இழைகள் சாய்வாக, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும். நம் கடைகளில் அதற்கு 'நைலான் டயர்' என்றே பெயர். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். பக்கச் சுவரில் ஒன்றோ இரண்டோ அடுக்குதான்.

அடுக்கு குறைந்தும் எண் அப்படியே நின்றுவிட்டது. '10 பி.ஆர்.', அதாவது பத்து 'பிளை ரேட்டிங்' என்று டயரில் இருந்தால், பழைய பத்து அடுக்குப் பருத்தி டயரின் வலு இதற்கும் உண்டு என்று பொருள். அதனால் 'பிளை ரேட்டிங்' என்பதை 'அடுக்கு எண்ணிக்கை' என்று தமிழாக்குவது தவறு, அது ஆளை ஏமாற்றும். 'அடுக்குநிகர் வலு' என்று நான் எழுதுவேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் தவறாது. அமெரிக்கப் பிக்கப் டயர்களில் இதையே எழுத்தாகப் போடுவார்கள்: சி என்றால் 6, டி என்றால் 8, இ என்றால் 10.

சரி, வண்டிக்காரருக்கு இந்த வலு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. ஒரே பத்து பிளை, டயர் அளவுக்குத் தகுந்தபடி வேறுவேறு பாரம் தாங்கும். கிலோக் கணக்கைச் சொல்லும் எண் தனியாக இருக்கிறது. கடைக்காரர் 'லோடு இன்டெக்ஸ்' என்பார். தமிழில் 'சுமைக் குறியெண்'. டயர் அளவை அடுத்து 121/118 என்று இருக்கும். 121 என்றால் 121 கிலோ இல்லை, அட்டவணைப்படி ஒரு டயருக்கு 1,450 கிலோ. 118 என்பது பின்னால் இரட்டை டயர் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தாங்குவது, 1,320 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. 104 என்றால் 900.

இழுக்கிற வண்டிக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். பின்னால் வருவது தன் சக்கரத்தில்தானே உருளுகிறது, நம் டயருக்கு என்ன பாரம் என்று தோன்றும். ஒழுங்காகப் பாரம் ஏற்றிய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 முதல் 225 கிலோ வரை. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கி, பின் அச்சை அதற்கும் மேலாக அழுத்தும். வண்டித் தொட்டியில் வயர் சுருள், டீசல் கேன், இரண்டு ஆள் என்று இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இத்தனையும் வண்டியின் சொந்த எடையோடு சேர்ந்து பின் அச்சில் விழுவதை, பின் டயர்களின் குறியெண் சொல்லும் கிலோக் கணக்கு தாண்டி நிற்க வேண்டும். கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பது நல்லது.

விலை குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும் என்று கார் டயரை மாட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்க விதிப்படி கார் வகை டயரைப் பிக்கப்புக்குப் போட்டால் அதன் சுமையை 1.10ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 1,100 கிலோ டயர் 1,000 கிலோவாகத்தான் கணக்கில் வரும். அளவோடு எல்.டி. என்ற எழுத்து இருந்தால் அது லைட் டிரக் வகை. இழுவைக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் காற்று சரியாக இருந்தால்தான் செல்லும். இ வகை, அதாவது பத்து பிளை டயர் முழுச் சுமை தாங்க 80 பவுண்டு காற்று கேட்பது வழக்கம். ஐம்பது அடித்துவிட்டுப் பத்து பிளை என்று நம்பினால், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கி மடங்கும். மடங்க மடங்கச் சூடு. சித்திரை வெயிலில் நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் வேகம் பிடிக்கும்போது அந்தச் சூடு ரப்பரையும் கம்பிப் பட்டையையும் பிரித்துவிடும். தரையைத் தொடும் ரப்பர்ப் பட்டன் தேயாமல் முழுதாக இருக்கிற டயரும் உரிந்து வீசுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னால் ஆட்டம் தொடங்கினால் அதை முதலில் வாங்குவது வண்டியின் பின் டயர்ச் சுவர்தான். சுவர் நெகிழ்வாக இருந்தால் ஆட்டம் கூடும். நைலான் ஒன்று, ரேடியல் ஒன்று என்று ஒரே அச்சில் கலந்து போடவே கூடாது. இரண்டும் வளைகிற விதமே வேறு.

டிரெய்லர் டயரை யாரும் கவனிப்பதில்லை. கொடை சீசன் முடிந்தால் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கும். ஓடாததால் பட்டன் தேய்ந்திருக்காது, ரப்பர் செத்துப்போயிருக்கும். சுவரில் இருக்கும் உற்பத்திக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அப்புறம் சுவரைச் சுற்றிலும் தடவி, பட்டன் இடுக்கிலும் பாருங்கள். வெடிப்பு ஓடியிருந்தால், எத்தனை பிளை என்று போட்டிருந்தாலும் அதை மாற்றிவிட்டுக் கொக்கியில் மாட்டுங்கள்.