மின்னோட்டம் பிளஸ்ஸிலிருந்தா, மைனஸிலிருந்தா?

மின்னோட்டம் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் பாய்கிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எலக்ட்ரான்கள் மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போகின்றன என்றும் அதே புத்தகம்தான் சொல்கிறது. மாணவர்கள் குழம்புவதில் ஆச்சரியமில்லை. "எலக்ட்ரான் போகும் திசைதான் நிஜம், மற்றது அந்தக் காலத்துத் தவறு" என்று சொல்லி இதை முடித்துவிடுபவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். ஒரே சுற்றுக்குள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்வது எது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஒரு சின்னச் சுற்றைப் பார்ப்போம். 9 வோல்ட் அல்கலைன் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி, இணைக்க அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி. எல்இடியில் சுமார் 2 வோல்ட் போய்விடும், மீதி 7 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 7-ஐ 470-ஆல் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 15 மில்லிஆம்பியர்.

கம்பிக்குள் நகர்பவை எலக்ட்ரான்கள் மட்டுமே. செம்பு அயனிகள் இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். 15 மில்லிஆம்பியர் என்றால் கம்பியின் எந்த இடத்தையும் விநாடிக்கு 940 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடக்கின்றன. ஆனாலும் அவை மொத்தமாக நகரும் வேகம் மணிக்கு 2 சென்டிமீட்டர்தான். செம்பில் எலக்ட்ரான்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மெல்ல நகர்ந்தாலே போதும். ஏற்கெனவே நீர் நிரம்பிய குழாயில் ஒரு முனையைத் திறந்ததும் மறுமுனையில் நீர் கொட்டுவது போல, சுவிட்ச் போட்டதும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்று முழுக்கப் பரவுகிறது. விளக்கு உடனே எரிவது அதனால்தான்.

எல்இடிக்குள் நிலைமை வேறு. அது பி-வகை (p), என்-வகை (n) என்ற இரு குறைகடத்திப் பகுதிகள் சேர்ந்தது. பி-வகைப் பகுதியில் மின்னோட்டத்தைச் சுமப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். இவை பிளஸ் மின்னூட்டம் கொண்டவை போலவே நடந்துகொள்ளும். என்-வகைப் பகுதியில் சுமப்பவை எலக்ட்ரான்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் வந்து இரு பகுதிகளும் தொடும் சந்தியில் சேரும்போது வெளிப்படும் ஆற்றல்தான் அந்தச் சிவப்பு ஒளி. பேட்டரிக்குள் மின்பகுளியின் (அயனிகள் நகரக்கூடிய ரசாயனக் கலவை) வழியே தனி எலக்ட்ரான்கள் நீந்திச் செல்வதில்லை. அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் பிளஸ் முனையான மாங்கனீஸ் டையாக்சைடு பக்கமிருந்து மைனஸ் முனையான துத்தநாகத்துக்கு நகர்கின்றன. செம்பு முலாம் பூசும் தொட்டியிலோ செம்பு அயனிகள் ஒரு பக்கமும் சல்பேட் அயனிகள் எதிர்ப்பக்கமும் ஒரே நேரத்தில் போகின்றன. அந்தத் தொட்டியில் எதை நிஜத் திசை என்று சொல்வது?

அதனால்தான் ஒரு பொது விதி தேவைப்படுகிறது. பிளஸ் மின்னூட்டம் நகரும் திசையே மின்னோட்டத்தின் திசை. மைனஸ் மின்னூட்டம் இடப்பக்கம் போனால், பிளஸ் வலப்பக்கம் போனதாகக் கணக்கு வைக்கிறோம். பிளஸ், மைனஸ் என்ற குறியீட்டை 1747-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். ஃபிராங்க்ளின் மாற்றிப் பெயரிட்டிருந்தால் கம்பியில் மட்டும் இரு திசைகளும் ஒத்துப்போயிருக்கும். முலாம் தொட்டியில் அப்போதும் பாதி அயனிகள் எதிர்த்திசையில்தான் போகும்.

ஓம் விதி, கிர்க்காஃப் விதிகள், சுருளைச் சுற்றி உருவாகும் காந்தப்புலம் எல்லாமே இந்தக் கணக்கில் பிசகில்லாமல் வரும். சுமப்பது எது என்பதைக் காட்டிக்கொடுக்கும் சோதனையும் உண்டு. 1879-இல் எட்வின் ஹால் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் தோன்றியது. நுட்பம் இதில்தான் இருக்கிறது. மின்னூட்டத்தின் குறியை மாற்றினால் அது போகும் திசையும் மாறும். இரண்டும் சேர்ந்து மாறுவதால் காந்த விசை தள்ளும் பக்கம் மாறாது. பிளஸ்ஸோ மைனஸோ, ஒரே ஓரத்தில்தான் குவியும். எனவே அந்த ஓரம் எந்தக் குறியைக் காட்டுகிறதோ அதுதான் சுமப்பவற்றின் குறி. செம்பிலும் தங்கத்திலும் மைனஸ் வருகிறது. துத்தநாகத்தில் பிளஸ் வருகிறது, உலோகமாக இருந்தும்! எல்இடியில் பார்த்த துளைகளைப் போன்ற நடத்தை அங்கே மேலோங்குகிறது. மின்ஸ்கூட்டர்களின் ஆக்சிலரேட்டர் பிடிக்குள் காந்தத்தின் நகர்வை அளப்பது இந்த விளைவில் இயங்கும் ஹால் சென்சார்தான்.

வீட்டு மின்சாரத்தில் திசைக் கேள்வியே கரைந்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 100 முறை திசை மாறும். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் அசையும் தூரம் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. ஆற்றல் மட்டும் எப்போதும் விளக்கை நோக்கியே போகிறது.

பாகங்களைப் பொருத்தும்போது எலக்ட்ரானை மறந்துவிட்டு, பிளஸ்ஸிலிருந்து மைனஸ் என்ற வழக்கத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடின் குறியீட்டிலுள்ள அம்பும், டிரான்சிஸ்டரின் எமிட்டர் என்ற காலில் வரையப்படும் அம்பும் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. டயோடில் பட்டை உள்ள முனை கேத்தோடு, மின்னோட்டம் வெளியேறும் பக்கம். எல்இடியில் நீளமான கால் பிளஸ்ஸுக்கு. மாற்றிப் போட்டால் எரியாது. பெரும்பாலான எல்இடிகள் தாங்கும் எதிர் மின்னழுத்தம் 5 வோல்ட் என்றே தரவுத்தாளில் இருக்கும், ஆகவே 9 வோல்ட்டில் தலைகீழாக விட்டுவைக்கக் கூடாது.

மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரில் இன்னும் கவனம் வேண்டும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகையில் பக்கவாட்டுப் பட்டை மைனஸ் காலைக் குறிக்கும். பலகையின் மேல் ஒட்டும் டாண்டலம் கெபாசிட்டரில் பட்டை பிளஸ்ஸைக் குறிக்கும். ஒன்றைப் போல மற்றொன்றை நினைத்துத் தலைகீழாகப் பொருத்தினால், அலுமினிய வகையில் ஆக்சைடு படலம் சிதைந்து, சூடேறி, வாயு சேர்ந்து தலைப்பகுதி பிளக்கும். டாண்டலம் தீப்பிடிக்கவும் கூடும்.

டயோடைச் சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டரின் டயோடு நிலையில் சிவப்பு முனையை ஆனோடிலும் (மின்னோட்டம் நுழையும் பக்கம்) கறுப்பைக் கேத்தோடிலும் வையுங்கள். சிலிக்கான் டயோடு என்றால் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், மாற்றி வைத்தால் ஓஎல் (OL, மின்னோட்டம் போகவில்லை என்று பொருள்) என்று வரும். முள் நகரும் பழைய மீட்டர்களில் ஓம் நிலைக்குப் போனால் பெரும்பாலும் கறுப்பு முனைதான் உள் பேட்டரியின் பிளஸ்ஸுடன் சேர்ந்திருக்கும். அதில் கறுப்பை ஆனோடில் வைத்தால்தான் முள் அசையும். நல்ல டயோடைக் கெட்டதென்று தூக்கி எறியும் முன் மீட்டர் எந்த வகை என்று பாருங்கள்.