குடியுரிமை இல்லையென்றால் கேட்கவே கூடாதா?

போன புதன்கிழமை சட்ட உதவி கேட்டு என்னிடம் ஒரு அம்மா வந்திருந்தார். தென்மாவட்டத்தில் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். கணவர் பெயிண்டிங் வேலை பார்த்தவர். மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். அது நடந்து இரண்டு வருடம் நிறைய இன்னும் 19 நாள்தான் இருந்தது. அதுவரை இழப்பீட்டுக்கு ஒரு மனுகூடப் போடவில்லை.

ஏன் என்று கேட்டேன். வாரிசுச் சான்றிதழுக்காக 14 மாதம் அரசு அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாக ஒரே பதில்: சிலோன்காரங்களுக்கு இங்கே தர முடியாது. மேஸ்திரி அதையே பிடித்துக்கொண்டார். நீ இந்தியக் குடிமகள் இல்லை, உனக்கு நஷ்டஈடு கிடையாது, கேஸ் போட்டால் உன்னைத்தான் பிடித்து அனுப்புவார்கள் என்று மிரட்டியிருக்கிறார். "எங்களுக்குக் கேக்கிற உரிமையே இல்லையாம் சேர்" என்றார் அந்த அம்மா.

இந்த வருடம் இதே வார்த்தையோடு என்னிடம் வந்த ஆறாவது ஆள் அவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வாரிசுச் சான்றிதழே இந்த வழக்குக்குத் தேவையில்லை. கணவர் இறந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது) 'சார்ந்திருப்போர்' யார் என்பதைத் தானே சொல்லிவிட்டது: மனைவி, மைனர் பிள்ளைகள் என்று வரிசையாக. குடியுரிமை என்ற பேச்சே அதில் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். தேவையில்லாத ஒரு தாளுக்காக, அதுவும் சட்டப்படி மறுக்கக்கூடாத ஒரு தாளுக்காக, கெடு முழுவதும் கரைந்திருக்கிறது.

சரி, அடிப்படைக்கு வருகிறேன். அரசியலமைப்பு குடிமக்களுக்கு மட்டும்தான் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அரசு அலுவலர்கள் சொல்கிறார்கள். ஜூனியர் வழக்கறிஞர்கள் சிலர்கூடச் சொல்கிறார்கள். தயவுசெய்து புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 14-ஆம் பிரிவு, இந்திய எல்லைக்குள் 'எந்த ஒரு நபருக்கும்' சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது. நபர் என்றுதான் இருக்கிறது, குடிமகன் என்று இல்லை. அடுத்த பக்கத்திலேயே 15, 16, 19 ஆகிய பிரிவுகளில் 'குடிமகன்' என்ற சொல் வருகிறது. இரண்டு சொல்லையும் எழுதியது ஒரே அரசியல் நிர்ணய அவைதான். குடிமகனுக்கு மட்டும் என்று சொல்ல நினைத்த இடத்தில் அப்படியே எழுதினார்கள், எல்லோருக்கும் என்று நினைத்த இடத்தில் நபர் என்று எழுதினார்கள். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21, கைதானவரின் உரிமைகளைச் சொல்லும் 22, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23, சமய சுதந்திரம் தரும் 25, இவையெல்லாம் குடியுரிமையைக் கேட்காத பிரிவுகள். 21-ஏ ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போகும் 226-ஆம் பிரிவின் கதவும் குடிமக்களுக்கு மட்டும் திறக்கும் கதவு அல்ல.

'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற தொடரே அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. அங்கே 1886-இலேயே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி. படித்துப் பார்த்தால் அதில் சீனர் என்ற சொல்லே இருக்காது. ஆனால் விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மற்றவர்கள் சுமார் 80 பேர் அதே மாதிரி மரக் கட்டடத்தில் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு குடிமக்களோடு நின்றுவிடுவதல்ல என்றது. விதி நேராக இருந்தாலும் அதைக் கையாளும் கை கோணலாக இருந்தால் அதுவும் பாகுபாடுதான் என்றது. நம் கவுன்டர்களில் நடப்பதும் இதுவே. எந்த அரசாணையிலும் இல்லாத மறுப்பு, வாயிலிருந்து வருகிறது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. 1998-இல் ஹவுராவில் ரயில்வே விடுதியில் ஒரு வங்கதேசப் பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். கல்கத்தா வழக்கறிஞர் சந்திரிமா தாஸ் வழக்குப் போட்டார். அந்தப் பெண் வெளிநாட்டவர், இழப்பீடு கேட்க முடியாது என்று ரயில்வே வாதாடியது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. அதற்கு முன் 1996-இல் இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து அருணாசலப் பிரதேசத்தில் வாழும் சக்மா மக்களின் வழக்கு. அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை உள்ளூர் அலுவலர்கள் மேலே அனுப்பாமலே வைத்திருந்தார்கள். அனுப்பியே ஆக வேண்டும், முடிவெடுப்பது உங்கள் வேலை அல்ல என்றது நீதிமன்றம். கவுன்டரில் உட்காரும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் குடிமகனுக்கும் மற்றவருக்கும் வித்தியாசமே காட்டக் கூடாதா? காட்டலாம். பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஓட்டு கிடையாது. அரசு வேலையில் சம வாய்ப்பு கேட்க முடியாது. விரும்பிய ஊரில் குடியேறும் உரிமை 19-ஆம் பிரிவில் வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்று 1955-இலேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் சட்டத்தின் நோக்கத்தோடு ஒட்ட வேண்டும். வாரிசுச் சான்றிதழ் எதற்கு? இறந்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல. மனைவி மனைவிதான். அவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கும் அவர் விதவையானதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு இல்லையென்றால் அது தன்னிச்சையான செயல். தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று 1973-இல் ராயப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு அரசு எதிர்வாதியாக இருந்த வழக்கு அது.

2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் மனுவில், இந்தியா என்ன தர்ம சத்திரமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கேட்டது. டிவியில் வந்த நாளிலிருந்து அந்த வரியை எல்லா இடத்திலும் கேட்கிறேன். அந்த வழக்கு, தண்டனை முடிந்த ஒருவர் தொடர்ந்து இங்கே தங்குவது பற்றியது. அங்கேயும் 21-ஆம் பிரிவு உங்களுக்கு இல்லை என்று அமர்வு சொல்லவில்லை. விசாரணையில் கேட்கும் கேள்வி தீர்ப்பாகாது. அதைச் சொல்லி ஒரு விதவையைத் திருப்பி அனுப்புவது மிகப் பெரிய தவறு.

முகாமில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. வாயால் மறுத்தால் திரும்பி வராதீர்கள். மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் மறுப்பு வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு அதுதான் ஆயுதம். தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், அதில் கேட்க வேண்டியதைக் குடிமகனான ஒருவர் கேட்கட்டும். முகாம் பதிவை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு தரப்பட்டிருக்கிறது. பதிவு இல்லையென்றால் அந்த விலக்கும் இல்லை.

பெண்களே, உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காது, பெண் என்பதே போதும். சட்ட உதவிக்கான அந்தச் சட்டத்திலும் 'நபர்' என்றுதான் இருக்கிறது.

இன்னொன்றைக் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. புரோக்கரிடம் காசு கொடுத்து வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே நீங்கள் குற்றவாளி. அப்புறம் உங்கள் நியாயமான கோரிக்கையும் அதோடு சேர்ந்து மூழ்கும். மாறாக, நீங்கள் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவரா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் பிறப்பாலேயே நீங்கள் குடிமகன். 1986-இல் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இலங்கை அகதிப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022-இல் உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். முடியாது என்றால் எந்த விதிப்படி முடியாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எழுத விதி எதுவும் கிடைக்கவில்லையென்றால் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் இழப்பீட்டு மனுவைத் திங்கட்கிழமை தாக்கல் செய்தோம். கெடுவுக்கு 14 நாள் மீதி. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, முகாம் குடும்ப அட்டை, இவ்வளவுதான் இணைத்தோம். கணவரின் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அந்த மனுவும் அன்றே தபாலில் போயிருக்கிறது. ஒப்புகை இன்னும் வரவில்லை.