கார் நிறுத்தும் தரைக்குப் பூச்சா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குச் சித்திரை மாதத்தில் சாம்பல் நிற எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின் பூச்சு) பூசிக் கொடுத்தோம். ஐப்பசி மழை பிடித்த சில நாட்களில் அந்த வீட்டுப் பெரியவர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது, கண்ணாடிபோல் இருந்த தரை முழுவதும் பொரித்த அப்பளத்தைப்போலக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. ஒன்றைக் கத்தியால் கீறினேன். தெளிந்த நீர் கசிந்தது, விரலில் சோப்பு நீர்போல வழுக்கியது. சரக்கும் நல்லது, பூசிய ஆட்களும் தேர்ந்தவர்கள். தரையின் ஈரத்தைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்கியது என் தவறு. அன்றிலிருந்து, எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பவர்களிடம், உங்கள் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கான்கிரீட் பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் அதனுள் நுண்துளைகள் உண்டு. அடிமண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலேறி, வெறும் தரையாக இருக்கும்வரை நம் கண்ணில் படாமல் ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் காற்றுப் புகாத படலத்தை ஒட்டினால், சிமெண்டின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும் நீர் அங்கேயே தேங்கிப் படலத்தை உந்தித் தள்ளுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டியுள்ள பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடுகிறது. பல தெருக்களில் அது உப்பு நீர். சாலையை ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் தாழ்ந்துகொண்டே போன பழைய வீடுகளின் நிலை இன்னும் மோசம். அங்கே தரை போடும்போது அடியில் பாலித்தீன் விரித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது என்றால், தரையும் அதே ஈரத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

சோதனைக்குச் செலவு அதிகமில்லை. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த, நிறமற்ற பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகளோ, தரையில் கருத்த ஈரத்தடமோ இருந்தால் படலப் பூச்சு வேண்டாம். வெயில் விழாத மூன்று நான்கு இடங்களிலாவது இதைச் செய்ய வேண்டும். சித்திரையில் காய்ந்திருக்கும் தரை ஐப்பசியிலும் காய்ந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், இயன்றால் ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு சோதிப்பது நல்லது.

ஈரமுள்ள தரைக்கு வழியே இல்லை என்பதில்லை. லித்தியம் சிலிகேட் போன்ற இறுக்கிகள் கான்கிரீட்டுக்குள் ஊறி மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துகின்றன. படலமாக நிற்காததால் உரிவதற்கு ஒன்றுமில்லை. பளபளப்பும் நிறமும் கிடைக்காது, எண்ணெய்க் கறையை முழுதாகத் தடுக்கவும் செய்யாது, ஆனால் தூசி கிளம்புவது வெகுவாகக் குறையும். திருவொற்றியூர் வீட்டில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு இதைத்தான் செய்தோம். கட்டாயம் நிறம் வேண்டுமென்றால், எபாக்ஸியும் சிமெண்டும் கலந்த, மூன்று பாகங்களாக வரும் சாந்தை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் அடித்தளமாக இட்டு அதன்மேல் பூசலாம். செலவு கணிசமாக ஏறும். கார் நிறுத்துமிடத்துக்கான டைல்ஸோ பேவர் பிளாக்கோ பல வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன்.

தரை காய்ந்திருந்தால் எபாக்ஸி நல்ல தேர்வு. ஆனால் டப்பாவில் எபாக்ஸி என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. திடப்பொருள், அதாவது காய்ந்தபின் தரையில் நிற்கும் பகுதி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு லிட்டர் சரக்கை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர் கனம். 10 அடிக்கு 18 அடி இடம் சுமார் 17 சதுர மீட்டர். அங்கே 250 மைக்ரான் (கால் மில்லிமீட்டர்) கனம் நிற்க, 100 சதவீதத் திடப்பொருள் உள்ள சரக்கே ஏறக்குறைய நாலேகால் லிட்டர் வேண்டும். 50 சதவீதம் என்றால் அதைப்போல் இரு மடங்கு. ஒப்பந்தக்காரர் இரண்டு லிட்டரோடு வந்து நின்றால் அவர் பூசப்போவது வெறும் பெயிண்ட்தான். ஓடிவந்த டயரின் சூட்டில் மெல்லிய பூச்சு இளகி, டயர் ஆறிச் சுருங்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்துவிடும்.

தரையைச் சுரசுரப்பாக்க ஆசிட் ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. ஏற்கெனவே உப்பு ஏறிய தரைக்குள் இன்னும் குளோரைடையும் நீரையும் இறக்கும் வேலை அது. உள்ளே கம்பி இருந்தால் அதற்கும் கேடு. தூசி உறிஞ்சியோடு கூடிய கிரைண்டிங் மெஷினே சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்படிப்பட்ட தரைகளில் கூடுதல் கவனம் தேவை. சில துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். ஊறாமல் முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது, எந்தப் பூச்சும் பிடிக்காது. எண்ணெய் நீக்கியால் கழுவி, தேய்த்து, நீர் ஊறும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் தரை சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழியிடும். ஆகவே சூடு இறங்கும் பிற்பகலில் முதல் பூச்சைத் தொடங்குவோம். இரவு வரை இழுத்தடித்தால் கடல்காற்றின் ஈரம் படிந்து மெழுகுபோன்ற பிசுபிசுப்பு உண்டாகும். அதைச் சோப்பு நீரால் துடைக்காமல் அடுத்த பூச்சு போட்டால் அது உரியும். எபாக்ஸியை இறுகவைக்கும் பாகமான ஹார்டனரை வெறுங்கையால் தொட்டுக் கலக்கும் இளம் வேலையாட்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அவர்கள் இந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். கையுறை வாங்கிக் கொடுக்காத ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெயில் விழும் முன்பகுதியில் எபாக்ஸி மஞ்சளித்துச் சுண்ணாம்புத் தூள்போல உதிரும் என்பதால், அதன்மேல் வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் ஒரு பூச்சு அவசியம். முதியவர்கள் நடக்கும் இடமென்றால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நுண்ணிய குவார்ட்ஸ் மணலைத் தூவச் சொல்லுங்கள். மறுநாள் நடக்கலாம்; காரை ஏற்ற ஏழு நாள் பொறுக்க வேண்டும். பைக்கின் சைடு ஸ்டாண்டு மொத்தப் பாரத்தையும் ஒரே புள்ளியில் இறக்கும், ஆகையால் அது நிற்கும் இடத்தில் ஒரு கடப்பா கல் துண்டைப் போட்டுவையுங்கள்.