விண்டோஸ் கேட்டால் உடனே ஃபோர்மட் செய்வதா?

விண்டோஸ் கேட்டதும் ஃபோர்மட் செய்து, அதாவது வன்தட்டை வெறுமையாக்கி, என்னிடம் வரும் கணினிகளில் இந்த மாதத்தில் இது நான்காவது. போன வாரம் புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அக்கா, பொலித்தீன் பையில் சுற்றிய மடிக்கணினியைக் கிளிநொச்சியில் நான் கணினி திருத்தும் மேசைமேல் வைத்தார். மகன் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்த பழைய கணினி. பற்றரி எப்போதோ செத்துவிட்டது. புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கிறது. அதன் பிறகு கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும்தான். அயலில் கணினி தெரிந்த தம்பி ஒருவர் வன்தட்டைக் கழற்றித் தன் விண்டோஸ் கணினியில் செருகினார். 'பயன்படுத்துவதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்றது விண்டோஸ். அவரும் செய்துவிட்டார்.

இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போன பிறகு, கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் உறவினர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த குடும்பப் படங்கள் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை.

எத்தனை தரம் சொல்வது? லினக்ஸ் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4 என்ற முறையில் வன்தட்டில் எழுதுகிறது. விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்க் கொப்பியைப் புரட்டிவிட்டு, 'இதில் ஒன்றும் இல்லை, அழித்துவிடட்டுமா?' என்று கேட்பதைப் போன்றது அந்தக் கேள்வி. அதற்கு 'ஓம்' என்பீர்களா? கணினி எழும்பவில்லை என்பது வேறு, கோப்புகள் அழிந்தன என்பது வேறு. படலை திறக்கவில்லை என்பதற்காக வீட்டுக்குள் இருக்கும் நெல் மூட்டை எங்கே போய்விடும்? கோவில் திருவிழா வீடியோக்களால் வன்தட்டு நிரம்பி, உள்நுழைய முடியாமல் நின்ற கணினியைக்கூடச் 'செத்துவிட்டது' என்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. வேறொரு கணினியில் 16 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் உபுண்டுவை எழுதுங்கள். அதிலிருந்து கணினியை எழுப்பி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவை எடுங்கள். கணினியின் வன்தட்டைத் திறந்து, உங்கள் கோப்புகள் இருக்கும் அதன் 'ஹோம்' கோப்புறையை வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்யுங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் பயப்பட வேண்டாம். நிர்வாகி உரிமையோடு திறக்கலாம். வன்தட்டை அழித்து நிறுவும் தெரிவின் பக்கமே போகாதீர்கள்.

வன்தட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை அதன்மேல் ஓட்ட வேண்டாம். சாகக் கிடக்கும் வன்தட்டை திருத்துகிற நாங்களே முதலில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் முழுப் பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில்தான் கை வைப்போம். சுழலும் தட்டு இல்லாத புதிய வகையான எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், பிறகு என்னிடம் கொண்டுவந்தும் பயனில்லை. நிறுவும்போது குறியாக்கம் போட்டு, கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி வன்தட்டைப் பூட்டியவர்களே, தயவு செய்து அந்தக் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் என்னாலும் முடியாது, எவராலும் முடியாது.

அக்காவுடையது பழைய வகை வன்தட்டு, ஃபோர்மட்டும் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் துடைக்காத விரைவு ஃபோர்மட். அதனால் தப்பியது. அழிந்த கோப்புகளைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இரவு முழுவதும் ஓடிப் பெரும்பாலான படங்களை எடுத்துத் தந்தது. பெயர் இல்லை, கோப்புறை இல்லை, வெறும் எண்கள்தான். எந்தப் படத்தில் யார் என்று அவர் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.