பொம்மை வாங்கிய சிகரெட்

சிகரெட் மிட்டாயை உதட்டில் வைத்து ஊதி விளையாடும் பிள்ளை பெரியவனானதும் நிஜ சிகரெட்டைத் தொடுவானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2014-ல் அமெரிக்காவில் எழுந்த பொம்மைச் சர்ச்சையையும் அவர் குறிப்பிட்டிருந்தார். போதைப்பொருள் தயாரித்து விற்பவர்களின் கதையான 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களைப் பணமூட்டை, போதைப்பொருள் பொட்டலத்தோடு பொம்மைகளாக்கி டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடைகளில் விற்றார்கள். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒரு தாய் இணையத்தில் மனு போட, அந்த அக்டோபரிலேயே பொம்மைகள் அலமாரியை விட்டுப் போயின.

சிகரெட் மிட்டாய் பற்றி 2007-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 25,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெரியவர்களிடம் கேட்டதில், புகைப்பவர்களிலும் முன்பு புகைத்து நிறுத்தியவர்களிலும் 88 சதவீதம் பேர் சிறுவயதில் அந்த மிட்டாயைத் தின்றவர்கள். புகைக்காதவர்களில் 78 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிட்டாய்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அப்பா புகைக்கிற வீட்டில் பிள்ளைக்கு அந்த மிட்டாய் மேல் ஆசை வருவதும், பிறகு சிகரெட் மேல் ஆசை வருவதும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் பிள்ளையின் மனதுக்குள் என்னதான் நடக்கிறது? 2005-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2 முதல் 6 வயது வரை 120 குழந்தைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொம்மை. எதிரே 73 பொருட்கள் அடுக்கிய குட்டி மளிகைக் கடை. 'பொம்மையின் சிநேகிதர் படம் பார்க்க வருகிறார், வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை, கடைக்குப் போய் வா' என்று சொல்லிவிட்டு, குழந்தை எதை எடுக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். சிகரெட் வேண்டுமா, பிடிக்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். பொம்மையை நடத்தும்போது அந்தக் கூச்சம் இருக்காது.

சராசரியாக ஒரு குழந்தை 17 பொருட்களை எடுத்தது. 28 சதவீதம் பேர் சிகரெட்டும், சுமார் 62 சதவீதம் பேர் மதுவும் வாங்கினார்கள். பெற்றோர் புகைப்பவர்களானால், பிள்ளை சிகரெட் வாங்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மாதம் ஒருமுறையாவது பெற்றோர் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒயினோ பீரோ எடுக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு.

மூன்று வயதுப் பிள்ளைக்கு பீரின் ருசியோ போதையோ தெரியாது. ஆனால் விருந்தாளி வந்தால் எது முதலில், எது அடுத்து, யார் கையில் எது இருக்கும் என்ற வரிசை தெரியும். உளவியலில் இதை ஸ்கிரிப்ட் என்பார்கள். ஆசை வருவதற்குப் பல வருடங்கள் முன்பே 'பெரியவர்கள் கூடினால் இது இருக்கும்' என்பது பதிந்துவிடுகிறது. அந்த ஸ்கிரிப்டை எழுதுவது வீடு. போதைப் பொம்மையும் சிகரெட் மிட்டாயும் அதை நடித்துப் பார்க்கக் கிடைக்கும் சாமான்கள். இரண்டு விரலுக்கு நடுவே பிடிப்பது, தலையைச் சாய்த்து ஊதுவது எல்லாம் பிள்ளை ஏற்கெனவே எங்கோ பார்த்ததுதான்.

அதனால் மிட்டாய் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தங்கள் சிகரெட் பெட்டியைப் போலவே மிட்டாய்ப் பெட்டி வந்ததைப் புகையிலை நிறுவனங்கள் பல காலம் கண்டும் காணாமல் விட்டதை அவற்றின் உள் ஆவணங்களே காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-வது பிரிவு, சிகரெட் வடிவ மிட்டாய்களையும் பொம்மைகளையும் தடுக்கச் சொல்கிறது. 2004-ல் இந்தியாவும் அதை ஏற்றது.

நம் ஊரிலும் அந்தக் குட்டிக் கடையைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அலமாரியில் முறுக்கு, சோடா, பான் மசாலா, டாஸ்மாக் பாட்டில் எல்லாம் இருக்கட்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். ஓர் அறையும், கொஞ்சம் பொம்மைகளும், பொறுமையாகக் குறிப்பெடுக்க இரண்டு பேரும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் இதற்கு நிதி ஒதுக்கினால், பள்ளி வாசலில் 'போதைக்கு அடிமையாகாதே' என்று பலகை வைப்பதற்கு முன்பே, எந்த வயதில் யாரிடம் பேசத் தொடங்க வேண்டும் என்பதாவது தெரியவரும். டார்ட்மவுத் கணக்குப்படி அது பிள்ளை பள்ளியில் சேர்வதற்கு முன்பு, பெற்றோரிடம்.