முதல் பத்து மீட்டர்தான் கடினம்

ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் முக்குளிப்பதை, கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆழத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். ஆனால் புதியவரைப் படுத்தி எடுப்பது மேற்பரப்பை ஒட்டிய தண்ணீர்தான்.

காரணம் அழுத்தம். கடல் மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் அது 2 ஆகிறது, அதாவது இரட்டிப்பு. 20 மீட்டரிலிருந்து 30க்கு இறங்கும்போதோ 3 என்பது 4 ஆகிறது, அவ்வளவுதான். அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கனஅளவு பாதியாகும் என்கிறது பாயில் விதி. மேலே வரும்போது இதே விதி தலைகீழாக வேலை செய்யும். மிதவை ஜாக்கெட்டில் 4 லிட்டர் காற்றோடு 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறினால் அது சுமார் 5.3 லிட்டராகும். அதே 4 லிட்டரோடு 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் 8 லிட்டர்! கொஞ்சம் ஏறினால் காற்று விரியும், விரிந்தால் இன்னும் வேகமாக ஏறுவோம். நீச்சல் குளத்தில் ஒரே இடத்தில் அசையாமல் மிதக்க முடியவில்லையே என்று வருந்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, எப்படித்தான் நிலையாக நிற்பது? மூச்சால். சாதாரணமாக உள்ளிழுக்கும் காற்று சுமார் அரை லிட்டர். அது அரை லிட்டர் தண்ணீரை விலக்குவதால், ஏறக்குறைய அரை கிலோ மிதப்பு கூடுகிறது. ஆனால் உடல் உடனே உயராது. ஓரிரு நொடி கழித்துத்தான் நகரத் தொடங்கும். அந்தத் தாமதம் புரியாமல் பலரும் ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மூச்சின் பலனும் பொத்தானின் பலனும் சேர்ந்து மேலே தூக்கிவிடும். மெதுவாக இழுத்து, காத்திருந்து, மெதுவாக விடுவதுதான் பயிற்சி.

மூச்சை அடக்க மட்டும் கூடவே கூடாது. நுரையீரல் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு ஒரு மீட்டர் சொச்சம் ஏறினாலே அதன் நுண்ணிய காற்றறைகள் கிழியக்கூடும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்தும் பயிற்சியில், இடைப்பட்ட நேரம் முழுக்கச் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். மாஸ்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றும்போதும் மூக்கு வழியாக மெல்ல ஊத வேண்டும். மாஸ்கின் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டால் காற்று மேலே தங்கி, தண்ணீரைக் கீழ்விளிம்பு வழியாகத் தள்ளிவிடும்.

அப்புறம், எடை. காற்றுக்கும் எடை உண்டு என்பதை ஸ்கூபாவில்தான் உடம்பாலேயே உணர்கிறோம். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் கிட்டத்தட்ட 3 கிலோ காற்று இருக்கிறது. முக்குளித்து முடிக்கும்போது அதில் 2 கிலோவுக்கு மேல் சுவாசித்துத் தீர்த்திருப்போம். ஆக, திரும்பும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று உடலிலுள்ள நைட்ரஜனை வெளியேற விடும்போது நாம்தான் மிக இலேசு. நிற்கும் இடமோ காற்றின் கனஅளவு மிக வேகமாக மாறும் தண்ணீர். மிதக்காமல் மூழ்க இடுப்பில் எத்தனை கிலோ எடை கட்டுவது என்பதைச் சிலிண்டர் காலியாகும் தறுவாயில் சோதித்துப் பார்ப்பது அதற்காகவே.