சீக்வென்சிங்: வரிசைப்படுத்துவதா, வரிசை அறிவதா?

2021 ஜூலை. கேரளத்துப் பாறசாலையில் ஜிகா வைரஸ் என்று செய்தி வந்த வாரம். எல்லையில் நம் பக்கமுள்ள களியக்காவிளையிலிருந்து பாறசாலை கூப்பிடு தூரம்தான். பெண் கொடுத்தது, எடுத்தது, நிலம் வாங்கியது என்று எல்லா உறவும் உண்டு. அதனால் மார்த்தாண்டத்து டீக்கடையிலும் அதே பேச்சு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "மக்களே, சாம்பிளை புனேக்கு அனுப்பி மரபணுவை வரிசைப்படுத்துவாவளாம். வரிசைப்படுத்துகதுண்ணா என்னது? ரேஷன் கடையில ஆளை நிறுத்துகது மாதிரியா? எனக்கு மனசிலாகல்ல."

அன்றைக்கு எதையோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, குழப்பம் அவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

பெரியவர் கேட்ட வரிசைப்படுத்துதலுக்கு ஆங்கிலம் சீக்வென்சிங். அதிலுள்ள சீக்வென்ஸ் என்பதன் வேர் லத்தீன். 'செக்வி' என்றால் பின்தொடர்தல். ஒன்றன்பின் ஒன்றாக வருவது எதுவோ அது சீக்வென்ஸ். ஆய்வகத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் தேவாலயத்தில் இருந்தது. லத்தீன் பூசையில் அல்லேலூயாவைத் தொடர்ந்து பாடிய பாட்டுக்கு 'செக்வென்சியா' என்று பெயர். நம் கடற்கரை ஊர்களில் ஈஸ்டர் பூசைக்குப் போகிறவர்களுக்கு அது பழகிய சங்கதிதான், தமிழில் தொடர்பாடல் என்கிறார்கள். மொழிபெயர்த்தவருக்கு நல்ல காது.

உயிரியலில் தொடர்ந்து வருபவை எழுத்துகள். மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ என்ற மூலக்கூறில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு, ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளின் குறி. பல வைரஸ்களில் அந்த வேலையைச் செய்யும் ஆர்என்ஏவில் டி இருக்கும் இடத்தில் யு. எதற்கு அடுத்து எது என்பதே சீக்வென்ஸ். டெங்கு வைரஸுக்குச் சுமார் 10,700 எழுத்துகள், சிக்குன்குனியாவுக்குச் சுமார் 11,800, கொரோனாவுக்கு 29,900 சொச்சம். நமக்கு 300 கோடி. எழுத்து ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் சீக்வென்சிங். பிரெடரிக் சாங்கர் 1977இல் இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தார், 1980இல் நோபல் பரிசும் பெற்றார். அவருக்கு அது இரண்டாவது நோபல்.

இப்போது தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் 'வரிசைப்படுத்துதல்', 'வரிசையாக்கம்' என்று இரண்டும் நடமாடுகின்றன. ஆங்கில வினைச்சொல்லுக்கு அடுக்கி வைப்பது, அடுக்கு எப்படி இருக்கிறது என்று கண்டறிவது என இரண்டு பொருளும் உண்டு. நம்முடைய 'படுத்து'வுக்கு அந்த வசதி கிடையாது. ஒழுங்குபடுத்து, அமைதிப்படுத்து, சுத்தப்படுத்து என்று எதை எடுத்தாலும், முன்பு அப்படி இல்லாத ஒன்றை அப்படி ஆக்குவதுதான் அதன் வேலை. ஆக, 'வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்தினார்கள்' என்றால் வைரஸ் தாறுமாறாகக் கிடந்தது, விஞ்ஞானிகள் போய்ச் சரிசெய்தார்கள் என்று ஆகிவிடுகிறது. நடப்பது இதற்கு நேர் எதிர். இருப்பதை இருக்கிறபடியே படித்து எழுத வேண்டும், ஓர் எழுத்தைக்கூட இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் அதற்குப் பெயர் மோசடி. பெரியவர் ரேஷன் கடையை நினைத்ததில் தப்பே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் நிலைமை இதுதான். மலையாளத்தில் 'ஜனிதக ஸ்ரேணீகரணம்' என்கிறார்கள். ஸ்ரேணி என்றால் வரிசை, கரணம் என்றால் ஆக்குவது. அதே சறுக்கல். மலையாளச் சானல் பார்த்துவிட்டுத் தமிழ்ப் பேப்பர் படிக்கிற விளவங்கோட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி.

ஆய்வகத்தில் அடுக்குகிற வேலை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கருவி வைரஸை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிப்பது அபூர்வம். பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் படிக்கும். ஒரு துண்டின் வாலும் அடுத்ததின் தலையும் ஒன்றுபோல் இருப்பதை வைத்துக் கணினி அவற்றை இணைக்கும். அதற்குத் தனிப்பெயர் உண்டு, அசெம்ப்ளி. தமிழில் கோத்தல் என்று சொல்லலாம், பூமாலை கட்டும் தோவாளைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோப்பது வேறு, வாசிப்பது வேறு.

அப்புறம் 'வரிசைமுறை'. பெயர்ச்சொல்லாக, சீக்வென்ஸுக்கு அது சரியான சொல். 'மரபணு வரிசைமுறை செய்யப்பட்டது' என்று அதை ஒரு செயலாக்கி எழுதும்போதுதான் கல் கடிக்கிறது. சென்னை தேனாம்பேட்டையில் தமிழக அரசு 2021 செப்டம்பரில் தனக்கென ஓர் ஆய்வகம் திறந்தது, அதுவரை மாதிரிகள் பெங்களூருக்கும் புனேக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்தச் செய்தியில் 'மரபணு பகுப்பாய்வு' என்று வந்தது. பாதுகாப்பான சொல்தான். ஆனால் பகுப்பாய்வு என்பது ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதற்கும் பொருந்தும், சிக்கலைத் தாண்டிப் போகாமல் ஒதுங்கிப் போகிறது.

என் ஓட்டு 'வரிசையறிதல்' என்ற சொல்லுக்கு. நான் உண்டாக்கியது இல்லை. புறநானூற்றின் 121ஆம் பாட்டில், மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொல்கிறார்: வந்தவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பது எளிது, 'வரிசை அறிதலோ அரிதே'. அங்கே வரிசை என்பது தகுதி. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது. நம்மூர்க் கல்யாண வீட்டுச் சீர்வரிசையிலும் அந்த வாசனை மிச்சம் இருக்கிறது. பொருள் வேறுதான், ஆனால் சொல்லின் அமைப்பைப் பாருங்கள். வரிசை ஏற்கெனவே இருக்கிறது, நாம் செய்வது அறிவது மட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்தது 'மரபணு வரிசையறிதல்' என்பதன் முன்பாதி. மரபணு என்பது மரபும் அணுவும். வில்ஹெல்ம் யோகான்சன் 1909இல் 'ஜீன்' என்ற சொல்லைத் தந்தார், பிறப்பு, குலம் என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து. மரபு அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். எந்த விலங்கின் குட்டியை எப்படிச் சொல்வது மரபு என்று தொடங்கும் அந்த இயலின் பெயர், இன்றைய பாடநூலில் ஜெனிடிக்ஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இலங்கையில் மரபணுவைப் பரம்பரையலகு என்கிறார்கள். உண்மையில் அது இன்னும் கச்சிதம், ஏனென்றால் இயற்பியல் படித்த பிள்ளைகளுக்கு 'அணு' இடறும். ஆனால் மரபணு வேர்விட்டுவிட்டது, இனி பிடுங்க வேண்டியதில்லை.

பிடுங்க வேண்டியது 'முழு மரபணு வரிசை' என்ற தொடரை. மரபணு என்பது ஒன்று. ஓர் உயிருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது ஜீனோம், ஹான்ஸ் விங்க்லர் 1920இல் உண்டாக்கிய சொல். அதற்கு மரபணுத்தொகை என்ற நல்ல தமிழ் இருக்கிறது, எட்டுத்தொகையில் வரும் அதே தொகை. இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஆய்வகங்களில் எப்போதும் வைரஸ் முழுவதையும் வாசிப்பதில்லை. பணமும் நேரமும் இல்லாதபோது அடையாளம் காணப் போதுமான ஒரு துண்டை மட்டும் வாசிப்பார்கள், சிக்குன்குனியாவில் ஈ1 என்ற மரபணுவைப் போல. 'மரபணு வரிசையறிதல்' என்றால் அந்தத் துண்டு, 'மரபணுத்தொகை வரிசையறிதல்' என்றால் மொத்தமும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் என்ன செய்தார்கள் என்றே வாசகருக்குத் தெரியாது.

வைரஸ் என்ற சொல்லைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. லத்தீனில் நஞ்சு என்று பொருள், வடமொழி விஷத்துக்குத் தூரத்துச் சொந்தம். நச்சுயிரி, தீநுண்மி என்ற இரண்டும் நல்ல ஆக்கங்களே. நான் வைரஸ் என்றே எழுதுகிறேன். வைரஸின் பெயர் தெரியாத காய்ச்சலை ஊரில் விஷக்காய்ச்சல் என்றும், பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்றும், விளவங்கோட்டுப் பக்கம் வெறும் 'பனி' என்றும் சொல்வார்கள்.

பெயர் என்றதும் சிக்குன்குனியா நினைவுக்கு வருகிறது. 2006இல் தமிழ்நாடு முழுக்க மூட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, கோழி தின்றால் வரும் என்று நம்பாத தெருவே இல்லை. பெயரில் சிக்கன் இருக்கிறதே! அது தான்சானியாவின் மக்கொண்டே மொழிச் சொல். 1952இல் அந்த மக்கள் நோயாளி வலியில் வளைந்து முறுக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து இட்ட பெயர். கோழிக்கு இதில் பங்கே இல்லை.

இந்த வைரஸை வைத்தே வரிசையறிதலின் பயனையும் சொல்லிவிடலாம். 2005-06இல் இந்தியாவில் பரவிய வைரஸில், ஈ1 மரபணு சொல்கிறபடி உண்டாகும் ஈ1 புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. 2007இல் கேரளத்தில் எடுத்த மாதிரிகளில் அதே இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம். மரபணுவில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து, சி இருந்த இடத்தில் யு. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த ஓர் எழுத்தால் வைரஸ், ஆசியப் புலிக்கொசு என்னும் ஏடிஸ் அல்போபிக்டஸின் உடலில் முன்பைவிட நன்றாகப் பெருகத் தொடங்கியது. வீட்டுக்குள் தண்ணீர்த் தொட்டியைத் தேடும் ஏடிஸ் எஜிப்தி போல் இல்லாமல், இது மரமும் செடியும் உள்ள இடங்களில் வாழ்கிற கொசு. ரப்பர்த் தோட்டத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையை மழைக்காலத்தில் கவிழ்க்காமல் விட்டால் போதும், அதற்கு அது தொட்டில். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்ததும் தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்டு நின்ற மரங்களில் எத்தனை சிரட்டை தண்ணீரோடு தொங்குகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. மண்ணும் மழையும் ரப்பரும் கேரளத்தின் தொடர்ச்சியாக இருக்கும் இந்தத் தாலுகாக்களில், அங்கே வைரஸில் மாறிய எழுத்து இங்கேயும் செய்திதான். கொசுவிடம் இ-பாஸ் கேட்கும் சாவடி எங்கும் இல்லை.

இப்படி எழுத்து மாறுவதை மியூட்டேஷன் என்கிறார்கள். தமிழில் சடுதிமாற்றம், பிறழ்வு என்று பல பெயர். இலங்கைப் பாடநூல்களில் விகாரம். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் விகாரம்தான் என் மனதைப் பிடித்தது. காரணம் நன்னூல். சொற்கள் புணரும்போது ஏற்படும் விகாரம் மூன்று என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆனால் ஓர் எழுத்து தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆனால் எழுத்து திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆனால் எழுத்து கெடுகிறது. வைரஸிலும் நடப்பது இந்த மூன்றேதான். சிக்குன்குனியாவின் 226 திரிதல். கொரோனாவில் முதலில் வந்த ஒமிக்ரானின் ஸ்பைக் புரதத்தில், அதாவது வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில், 214ஆம் இடத்தை அடுத்து மூன்று அமினோ அமிலங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன, அது தோன்றல். அதிலேயே 69, 70 ஆகிய இரண்டும் காணாமல் போயின, அது கெடுதல். 2021 டிசம்பரில் செய்தியில் 'எஸ் ஜீன் டிராப்' என்று அடிபட்டது நினைவிருக்கிறதா? அந்தக் கெடுதலின் விளைவுதான் அது. மூன்று மரபணுக்களைத் தேடும் பரிசோதனையில் இரண்டு கிடைக்கும், எஸ் என்னும் ஸ்பைக் மரபணு மட்டும் சிக்காது. ஒமிக்ரான் என்று சந்தேகப்பட அது போதும், உறுதிசெய்யத்தான் வரிசை அறிய வேண்டும். வேரியண்டுக்குத் திரிபு என்று பெயர் வைத்தவர் இலக்கணம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். மலையாளத்து 'வகபேத'த்தைவிட இது மேல்.

மாறிய எழுத்துகளை வைத்து நோய் வந்த வழியைத் தேடுவதுதான் மாலிக்குலார் எபிடெமியாலஜி. எபிடெமியாலஜிக்குக் கொள்ளைநோயியல் என்று ஒரு பழைய பெயர். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே, 'டெமோஸ்' என்றால் மக்கள். கொள்ளை எங்கிருந்து வந்தது? காலரா ஊரை வாரிக்கொண்டு போன காலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் துறைக்குத் தொற்றும் கொள்ளையும் மட்டுமே வேலை இல்லை. புகையிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதும், மணவாளக்குறிச்சி மணலைப் போன்ற கதிர்வீச்சுள்ள மண்ணில் வாழ்கிறவர்களின் உடல்நிலையை ஆராய்வதும் இதே துறைதான். அதனால் நோய்ப்பரவலியல் என்பதே பொருத்தம். முன்னால் மூலக்கூற்று என்பதைச் சேர்த்தால் மூலக்கூற்று நோய்ப்பரவலியல்.

இதன் வேலை எளிது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அவ்வப்போது எழுத்துப்பிழை விடும். ஆர்என்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது, கொரோனா போன்ற சிலவற்றுக்கு ஓரளவு உண்டு. ஒருவரிடம் விட்ட பிழை அவரிடமிருந்து தொற்றியவரிடமும் இருக்கும். ஆகவே ஒரே பிழைகளைச் சுமக்கிற இரண்டு வைரஸும் ஒரே கிளை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளியின் டெங்கு திருவனந்தபுரத்திலிருந்து வந்ததா, திருநெல்வேலியிலிருந்து வந்ததா, பல வருடமாக இங்கேயே சுற்றுகிறதா என்று கேட்டால், மற்ற இடங்களில் எடுத்த வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாளில் ரத்தம் எடுத்திருக்க வேண்டும், பிறகு ரத்தத்தில் வைரஸ் குறைந்து, அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதங்கள்தான் மிஞ்சும். நாலு நாள் கசாயம் குடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் வழக்கம் இந்த ஆராய்ச்சிக்குச் சத்துரு.

மூலக்கூற்று நோய்ப்பரவலியல் என்ற பெயர் நீளம்தான், செய்தித் தலைப்பில் கொள்ளாது. சுருக்கமாகச் சொல்ல நம்மூர்ப் பாட்டிமாரிடம் ஒரு வாசகம் இருக்கிறது. வழியில் முகம் தெரியாத பிள்ளை எதிர்ப்பட்டால் நிறுத்தி, மூக்கையும் நடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "மக்கா, நீ யாருக்க பிள்ளை?" அதைத் தலைப்பில் போட எந்த ஆசிரியரும் சம்மதிக்கமாட்டார்.